மின்தடை நாளில் வீடு காட்டினேன்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சொன்னவர்கள், வீட்டை விற்றுப்பார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் யாரும் விற்கவில்லையோ என்னவோ. கட்டும்போது எனக்கு முழி பிதுங்கவில்லை. மகள் கல்யாணத்திலும் பிதுங்கவில்லை. மானகிரியில் இருந்த எங்கள் வீட்டை விற்கப் போனபோதுதான் பிதுங்கியது.

விற்க வேண்டிய காரணம் எளிமையானது. மகள் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். பேரனை ஜூன் மாதம் எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். அவளுக்கு நைட் டூட்டி வந்தால் பிள்ளையை யார் பார்ப்பது? "நீங்க ரெண்டு பேரும் இங்குட்டு வந்துருங்கம்மா" என்று போனில் சொன்னபோது அவள் குரல் கம்மிப் போயிருந்தது. என் மகள் லேசில் அழுகிறவள் இல்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீட்டை விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போய்விடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

என் கணவர் கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். லீவுக்கு லீவு வந்து, ஒவ்வொரு லீவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு அது. நான் நாச்சியாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். ஓட்டு வீட்டிலிருந்து வந்த எனக்கு அது மாளிகையாகத்தான் தெரிந்தது. மேற்கே பார்த்த வாசல். முன்னறைக்கு ஆள் உயரத்தில் நீலக் கண்ணாடி, அவர் அங்கே பார்த்த கட்டடங்களில் இருந்தது மாதிரியே. வீட்டின் நடுவில் முற்றம்.

முற்றம் இல்லாமல் கட்டினால் எங்கள் பக்கத்தில் புதுமனை விருந்தில் சாப்பிட்ட கை காய்வதற்குள் சொந்தக்காரர்கள் குறை சொல்லிவிடுவார்கள். அதனால் எல்லோரும் முற்றம் வைப்பார்கள். வைத்துவிட்டு, குடிபோன முதல் மழையிலேயே சாரல் அடிக்கிறது, குரங்கு இறங்குகிறது, தூசி விழுகிறது என்று அதன் மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு இறுக்கி மூடிவிடுவார்கள். எங்கள் தெருவில் மூடாத முற்றம் ஒன்றுகூட இல்லை. நாங்களும் மூடினோம். காற்றுக்கு வழி வைத்துக் கட்டி, பிறகு அந்த வழியைக் காசு கொடுத்து அடைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம்.

அதற்குப் பிறகு பங்குனி பிறந்தாலே அந்த வீட்டுக்குள் வெந்துகொண்டிருந்தோம். காலையில் ஆட்டி வைத்த தோசை மாவு மதியத்துக்குள் புளித்துப் பாத்திரத்தை விட்டு வழியும். ஏசி மெக்கானிக் வீட்டில் வெக்கைக்கு ஒரே மருந்துதான். படுக்கையறையில் ஒன்று மாட்டினார். போதவில்லை என்று முன்னறையில் இன்னொன்று மாட்டினார். கரண்ட் பில் வரும் நாளில் அவர் வாசல் பக்கமே வரமாட்டார்.

வீடு பார்க்க முதலில் வந்தவர்கள் சென்னையிலிருந்து ஊர் திரும்ப நினைத்த ஒரு தம்பதி. புரோக்கர் நல்ல நேரம் பார்த்துக் காலை ஒன்பதரைக்கு அழைத்து வந்தார். நானும் ஊர் வழக்கப்படி விடியற்காலையிலேயே இரண்டு ஏசியையும் போட்டு, வாசல் தெளித்து, சாம்பிராணி காட்டி வைத்திருந்தேன். அந்த அம்மா முற்றத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நீலக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டே போனார்.

அதே வாரம் அளவெடுக்கிறோம் என்று சொல்லாமல் கொள்ளாமல் மதியம் மூன்று மணிக்கு வந்தார்கள். ஏசி ஓடவில்லை. முன்னறைக் கண்ணாடி வழியாக வெயில் நேராக சோபா மேல் இறங்கியிருந்தது. உள்ளே வந்த அந்த அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார். அவர் கணவர் சுவரில் கை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தார். டேப்பைப் பிரிக்கவே இல்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பெண் பார்க்க ஆள் வந்துபோன வீட்டில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

இரண்டு நாள் கழித்துப் புரோக்கர் வந்தார். என்னைவிட இளையவர், மூஞ்சிக்கு நேரே பேசுகிறவர். "அக்கா, கோவிச்சுக்கிறாதீக. இந்த வீட்டுல எடத்துக்குத்தான் வெல. கட்டடத்துக்குன்னு ஒண்ணும் கெடைக்காது. இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிக்கிறேன்னு ஒரு பார்ட்டி கேக்குறாக. முடிச்சுரலாமா?"

என் கணவர் உள்ளே படுத்திருந்தார், தூங்கவில்லை. புரோக்கர் போன பிறகு வெளியே வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த நீலக் கண்ணாடியை ஒரு மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கத்தாரில் மொட்டை வெயிலில் கட்டட உச்சிகளில் நின்று ஏசி மாட்டிய மனுஷன். தன் வீட்டை இடிப்பதற்கு ஆள் வருகிறது என்று காதால் கேட்டுவிட்டு நிற்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. இந்த வீட்டை வீடாகத்தான் விற்பேன், மண்ணாக விற்கமாட்டேன் என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன். சின்ன வயதில் என் அம்மா என்னை வீம்புக்காரி என்பார். அது வசவு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

மறுநாள் அவரிடம் சொன்னேன். "வீட்டைக் குளுமையாக்கிட்டுத்தான் விக்கிறோம்."

"சந்தைக்குப் போற மாட்டுக்குக் கொம்பு சீவப் போறியாக்கும்" என்றார்.

"கொம்பு சீவல. மாட்டுக்குச் சொகமில்ல. வைத்தியம் பாக்கப் போறேன்."

"எதுக்கு மெனக்கெடுற? ஹாலுக்கு இன்னொரு ஏசி போட்டா முடிஞ்சுது."

"மூணு ஏசிய ஓட்டி வீடு பாக்குறவுகள ஏமாத்தலாம். குடியிருக்கப் போறவுகளுக்கு அத ஓட்டிக் கட்டுபடியாகுமா?"

முதலில் மொட்டை மாடியில் கை வைத்தேன். மதியம் செருப்பில்லாமல் நாலு எட்டு வைக்க முடியாத தளம் அது. அந்தச் சூடுதான் சாயங்காலம் தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். வெள்ளைத் தளம் வெயிலை வாங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்த காரியத்தைச் செய்யத்தான் ஆள் கிடையாது. சுண்ணாம்பும் வெள்ளைச் சிமெண்டும் கலந்து, விடியற்காலையில் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பூச ஆரம்பித்தேன். எதிர் வீட்டுக்காரர்கள் மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். "என்னக்கா, கல்யாணம் எதுவும் வச்சிருக்கீகளா?" என்று கேட்டார்கள். "ஆமா, வீட்டுக்கு" என்றேன். இரண்டாவது பூச்சுக்கு என் கணவர் மேலே ஏறி வந்தார். இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே எதிர் மூலையிலிருந்து பூசிக்கொண்டு வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் இறங்கிவிடுவார் என்று பயம்.

மூன்று பூச்சு முடிந்தது. மாடியில் மதியம் நிற்க முடிந்தது. ஆனால் கீழே? படுக்கையறையில் கொஞ்சம் தேவலை. ஹாலும் முற்றமும் அடுக்களையும் பழையபடி வெந்தன. மாவு மதியத்துக்குள் வழிந்துவிட்டது. அந்தப் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்து எனக்கு அழுகை வந்தது. ஏப்ரல் பாதி போயிருந்தது. புரோக்கர் தினமும் போன் செய்து அந்த இடிக்கிற பார்ட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மகள், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் வலித்தது.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில், தேங்காய் ஓட்டைக் கனலாக்கிச் சாம்பிராணி போட்டேன். எந்தக் கவலை இருந்தாலும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நான் விட்டதில்லை. அறை அறையாகக் காட்டிவிட்டுக் கரண்டியை முற்றத்தில் வைத்தேன். புகை நேராக மேலே போனது. மேலே போய், அந்த ஷீட்டில் முட்டி, போக வழியில்லாமல் பரந்து, நாலு பக்கச் சுவர் ஓரமாக மெதுவாக எங்கள் தலைக்கே திரும்பி இறங்கியது. இத்தனை வருஷமும் அப்படித்தான் இறங்கியிருக்கும். வீடு மணக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

"என்னங்க, இங்குட்டு வாங்க. இந்தப் பொகை எங்குட்டுப் போகுதுன்னு பாருங்க."

வந்தார். இருமினார். அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகம் வேலை செய்கிறவர் முகமாக மாறியது எனக்குத் தெரிந்தது. பழுதான மிஷினை எடைபோடும்போது அவருக்கு அப்படி ஒரு முகம் வரும்.

"சூடு மேலதான ஏறும்" என்றார். "அங்க எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், சூட்டை வெளிய தள்ளுறதுக்கு வழி இருக்கான்னுதான் மொதல்ல பாப்போம். அது இல்லாம எத்தன மிஷின் போட்டாலும் வெட்டி. இந்த வீட்டுல அந்த வழிய நானே அடச்சு வச்சிருக்கேன்."

"நீங்க மட்டுமா? தெருவே அடச்சு வச்சிருக்கு."

"தெருவுல ஏசி மெக்கானிக் நான் ஒருத்தன்தான" என்றார்.

மறுநாளே பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரரை வரச்சொன்னோம். தச்சர் வீட்டுப் பிள்ளை, இப்போது இரும்பும் அலுமினியமும்தான் அவருக்கு வேலை. ஷீட்டை எடுக்கச் சொல்கிறோம் என்று நினைத்து, "குரங்கு வந்தா என்னையச் சொல்லக் கூடாதுக்கா" என்று முன்கூட்டியே கையைக் கழுவினார். எடுக்கச் சொல்லவில்லை, தூக்கச் சொன்னோம். முற்றத்துச் சுவர் மேல் சுற்றிலும் குட்டையான பைப் கால்களை நட்டு, ஒன்றரை அடி உயரத்தில் அதே ஷீட்டை வைத்து, நாலு பக்கமும் இடைவெளியில் கம்பி வலை அடித்தார். சாரல் விழாதபடி ஷீட் ஓரத்தை வெளியே கொஞ்சம் நீட்டினார். மிச்சமிருந்த சுண்ணாம்பை ஷீட் மேலும் மெல்லிசாகப் பூசிவிட்டோம். முற்றத்தில் கண்ணைக் கூசிய வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது.

அடுத்தது நீலக் கண்ணாடி. அதில்தான் சண்டை வந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டுச் சுவர் வைக்கலாம் என்றேன். "அத மட்டும் தொடாத" என்றார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் நகர்த்தி வைத்தேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த அம்மி நகரவில்லை. கடைசியில் நான்தான் யோசித்தேன். வெயில் கண்ணாடியைத் தொடாமல் இருந்தால் போதுமே, கண்ணாடி போக வேண்டியதில்லையே? கண்ணாடிக்கு வெளியே ஒரு முழம் தள்ளிச் சட்டம் போட்டு, சுருட்டித் தூக்கும் மூங்கில் தட்டிகளைத் தொங்கவிட்டோம். மேலே இருந்த இரண்டு கண்ணாடிகளை மட்டும் திறக்கிற மாதிரி மாற்றினார் பட்டறைக்காரர். காலையில் தட்டியைச் சுருட்டினால் அவருடைய நீலக் கண்ணாடி, மதியம் இறக்கினால் என்னுடைய நிழல். குடும்பம் நடத்துவதும் இதே கணக்குதான்.

ஹாலிலும் அறைகளிலும் கரண்டைக் குறைவாகக் குடிக்கும் ஃபேன்களை அவரே மாற்றி மாட்டினார். மாட்டியவர், முன்னறை ஏசியைக் கழற்றித் துடைத்து அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டார். நான் கேட்கவே இல்லை.

மூன்றாம் நாள் மதியம் அடுக்களைக்குப் போனேன். மாவு வழியவில்லை. பாத்திரத்தின் கழுத்து வரை வந்து நல்ல பிள்ளையாக நின்றிருந்தது. முற்றத்துத் தரையில் உட்கார்ந்தேன். தெற்கு ஜன்னல் வழியாக நுழைந்த காற்று என்னைத் தொட்டுவிட்டு மேலே ஏறிப் போனது. அப்போது சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பதினாலு கோடை. மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் உடம்பெல்லாம் வேர்க்குரு. ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படித்தாள் அவள். அவளுக்காகச் செய்யாத காரியத்தை, முகம் தெரியாத எவரோ வாங்குவதற்காகச் செய்திருக்கிறோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான். ஆனால் உட்கார்ந்து அழ நேரமில்லை. மே பிறந்துவிட்டது.

புரோக்கருக்குப் போன் செய்தேன். "வீடு பாக்க ஆள் கூட்டிட்டு வாங்க தம்பி."

"கத்திரி முடியட்டும்க்கா. ஒரு மழை விழுந்தாத்தான் எந்த வீடும் பாக்குறதுக்கு நல்லாருக்கும்."

"இல்ல, கத்திரியிலதான் வேணும். வர்ற செவ்வாக்கெழமை மூணு மணிக்கு."

"அக்கா, அன்னைக்கு மாசாந்திர கரண்ட் கட்டு. பேப்பர்ல போட்டுருக்கான். காலையில ஒம்பது மணிக்குப் போனா அஞ்சு மணிக்குத்தான் வரும்."

"தெரியும். அதனாலதான் கூப்புடுறேன்."

"ஒங்களுக்கு விக்கிற எண்ணம் இருக்கா இல்லையாக்கா?" என்றார்.

என் கணவர்கூடக் கொஞ்சம் ஆடிப்போனார். "ஒரு காத்தாடியாச்சும் சுத்த வேணாமா? இன்வெர்ட்டர் வாடகைக்கு எடுத்துட்டு வரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சுவர் சுடுகிறது என்று சென்னைக்காரர்கள் கையை எடுத்தார்களே, அதே நேரத்தில், அதைவிட மோசமான நாளில் காட்டவேண்டும். இதில் தேறாவிட்டால் இடிக்கிற பார்ட்டிக்கே கொடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை முழுக்கத் துடைத்த தரையையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் மூன்று பேர். கண்டரமாணிக்கம் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் கணவனும் மனைவியும், கூடக் கணவனின் அப்பா. அந்தப் பெரியவர் குறை சொல்வதற்கென்றே கிளம்பி வந்திருந்தார். வாசலிலேயே, "மேக்க பாத்த வீடு. வெயிலு மூஞ்சியிலதான் அடிக்கும்" என்றார். குழாயைத் திருகிப் பார்த்தார். கதவு இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். சுவரைத் தட்டினார். மாமனார் என்ன சொல்வாரோ என்று அந்தப் பெண் எதையும் வாய்விட்டுப் பாராட்டப் பயந்தாள். புரோக்கர் வாசலிலேயே நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவருக்கு நீர்மோர் கொடுத்தேன். முற்றத்து ஓரம் தூணடியில் உட்கார்ந்து குடித்தார். "நீங்க போயி மாடியப் பாத்துட்டு வாங்க, எனக்கு முட்டி முடியல" என்று பிள்ளைகளை அனுப்பினார். நாங்கள் மேலே போய், வெள்ளைத் தளத்தில் செருப்பில்லாமல் நின்று காட்டி, தூக்கி வைத்த ஷீட்டைக் காட்டி, இறங்கி வந்தோம். பெரியவர் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு வெறுந்தரையில் படுத்திருந்தார். குறட்டை முன்னறை வரைக்கும் கேட்டது.

மருமகளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மாமா, எந்திரிங்க. வீடு பாக்க வந்துருக்கோம்."

"இருத்தா, சித்த நேரம்" என்று புரண்டு படுத்தவர், பிறகு இடம் நினைவு வந்து எழுந்து உட்கார்ந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டு என் கணவரைப் பார்த்துக் கேட்டார். "ஏசி எத்தன டன்னுங்க? நல்லா இழுக்குது."

"ஏசி ஓடலைங்க" என்றார் என் கணவர். "காலையிலேருந்து கரண்டே இல்ல."

பெரியவர் அண்ணாந்து பார்த்தார். ஃபேன் அசையாமல் இருந்தது. சுவரில் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார், மறுபடி போட்டார். வாசலுக்குப் போய் வெளியே கையை நீட்டி வெயிலைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. விலையில் மட்டும் இழுத்தார். அது யார் வீட்டிலும் நடப்பதுதான்.

எல்லாம் பேசி முடிந்து அவர்கள் எழுந்தபோது, அதுவரை சுவரோரம் நின்றிருந்த என் கணவர் திடீரென்று கேட்டார். "வீட்ட இடிக்க மாட்டீகள்ல?"

பெரியவரின் மகன் திகைத்துப் போனான். "இடிக்கிறதுக்கா இம்புட்டு வெல குடுக்குறோம்?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு இவர் அறைக்குள் போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை. சில நேரம் ஆம்பிளையைத் தனியாக விட வேண்டும்.

பத்திரம் பதிந்து சாவி கொடுத்த அன்று, தட்டியை எப்போது இறக்க வேண்டும், எந்த ஜன்னலை எப்போது திறக்க வேண்டும், மாடிக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று அவர் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிச் சொல்லி ஓயவில்லை. பஸ் போய்விடும் என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பார்த்தால் தாங்கமாட்டேன் என்று தெரியும்.

திருச்சியில் சொந்தமாக ஒன்று அமையும் வரை வாடகைக்கு எடுத்தது மேல்மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரர்கள். ஜூன் பிறந்தும் வெயில் தணியவில்லை. பேரன் முதல் நாள் பள்ளிக்கூடம் போய்வந்து, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் உடம்போடு தரையில் கிடந்தான். முதுகெல்லாம் சிவப்புச் சிவப்பாக வேர்க்குரு. அன்று வெள்ளிக்கிழமை. சாம்பிராணி போட்டுக் கரண்டியை ஹால் நடுவில் வைத்தேன். புகை மேலே போய்த் தளத்தில் முட்டி நின்றது.

என் கணவர் அண்ணாந்து பார்த்தார். பிள்ளை முதுகைப் பார்த்தார். மானகிரியிலிருந்து கொண்டுவந்த ஏசி அட்டைப்பெட்டியோடு மூலையில்தான் இருந்தது. அதன் பக்கம் அவர் போகவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"எங்க போறீக?" என்றேன்.

"கீழ் வீட்டுல ஏணி இருக்கான்னு கேட்டுட்டு வாரேன்" என்றார். "நீ சுண்ணாம்பு எங்க கெடைக்கும்னு பாரு. இந்தத் தடவ பிள்ளைக்கு."